மெரினா ஏர் ஷோவும் வழியில பாத்த கல்மரமும்: கடலூர், பாண்டி ஆளுங்க வாங்க பேசுவோம்

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்) | 7 அக்டோபர் 2024

மெரினாவுல விமானப்படை நடத்தின ஏர் ஷோ பாத்துட்டு நேத்து ராத்திரி லேட்டா வீடு வந்து சேந்தோம். காலைலேர்ந்து வாட்ஸப்ல ஆளாளுக்கு "எப்படி இருந்துச்சி"ன்னு கேக்கறாங்க. தனித்தனியா டைப் அடிக்க கையில தெம்பு இல்ல, அதான் இங்க மொத்தமா.

நான், வீட்டம்மா, எட்டாவது படிக்கிற பையன். சனிக்கிழமை காலையில கிளம்பினோம். நேரா சென்னை போகாம பாண்டி தாண்டி திருவக்கரை பக்கம் வண்டிய விட்டேன். பையனுக்கு ஏர் ஷோ, எனக்குக் கல்லா மாறின பழைய மரங்க இருக்கற கல்மரப் பூங்கா, வீட்டம்மாவுக்கு வக்கிரகாளியம்மன் கோயில். மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணுன்னு ஒப்பந்தம். அங்கேர்ந்து திண்டிவனம் ஏறி சென்னை. ராத்திரி ராயப்பேட்டையில அக்கா வீட்டுல தங்கல்.

ஞாயித்துக்கிழமை காலையில மெரினா நடுவுக்குப் போகல. மாமா அந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு. "காந்தி சிலை பக்கம் போனா ஆளுங்க தலையத்தான் பாக்கலாம்"னு சொல்லி பட்டினப்பாக்கம் மணலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கயும் கூட்டம்தான், ஆனா காலை நீட்டி உக்காரலாம். பதினோரு மணிக்கு ஆரம்பம். கருடா கமாண்டோக்கள் பிணைக்கைதிய மீட்கற காட்சி எங்களுக்குத் தூரத்துல புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சுது, அத விட்டுடுவோம். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வானத்துல, அதுக்கு எங்க உக்காந்தா என்ன? டகோட்டா, ஹார்வர்டுன்னு பழைய காலத்து விமானங்க நிதானமா போச்சு. தேஜஸ், ரஃபேல், சுகோய்னு போர் விமானம் எல்லாம் வந்துச்சி. சாரங் ஹெலிகாப்டர் ஒண்ணை ஒண்ணு உரசற மாதிரி குறுக்கால பூந்து போனப்ப வீட்டம்மா கண்ண மூடிக்கிட்டாங்க. கடைசியா ஒம்போது ஜெட் சேந்து பறக்கற சூர்யகிரண் அணி.

ரஃபேல் செங்குத்தா ஏறினப்ப வந்த சத்தம் காதுல கேட்ட மாதிரியே இல்ல, நெஞ்செலும்புல கேட்டுச்சி. போன்ல எடுத்த வீடியோவ ராத்திரி போட்டுப் பாத்தா கொசு ரீங்காரம்.

அடுத்த தடவை எங்கயாவது வச்சா போலாமான்னு கேட்டா, போலாம். ஆனா அதுக்குன்னு மட்டும் கிளம்பிப் போகாதீங்க. ரெண்டு மணி நேர ஷோ அது. மீதி நாளுக்கு நம்ம பக்கமே எவ்வளவோ இருக்கு.

---

முத்தியால்பேட்டை_மீனா | 7 அக்டோபர் 2024

அண்ணே, நீங்க நல்லபடியா போயிட்டு வந்ததுல சந்தோஷம். ஆனா நேத்து ஏர் ஷோவுக்கு வந்தவங்கள்ல அஞ்சு பேர் இறந்துட்டாங்க. அதப் பத்தி உங்க பதிவுல ஒரு வரிகூட இல்ல.

நாங்களும் போனோம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. எழும்பூர்ல இறங்கி, பறக்கும் ரயிலுக்குச் சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் நடந்தோம் (பீச் ஸ்டேஷன்லேர்ந்து அன்னைக்கு வண்டி ஓடல). போறப்ப எப்படியோ ஏறிட்டோம். திரும்பறப்ப பிளாட்பாரம் தெரியல, தண்டவாளத்து ஓரம் வரைக்கும் தலைதான். தண்ணி பாட்டில் விக்கிறவர்கிட்ட போய்ச் சேரவே அரை மணி. அம்மாவ ஒரு வீட்டு வாசப்படியில உக்கார வச்சேன். அந்த வீட்டுக்கார அம்மா சொம்பு நெறைய மோர் கொண்டாந்து குடுத்தாங்க. அவங்க பேருகூட கேக்கல.

பதினஞ்சு லட்சம் பேர்னு பெருமையா சொல்றாங்க. பதினஞ்சு லட்சம் பேருக்கு நிழல் எங்க?

---

கெடிலக்கரை | 7 அக்டோபர் 2024

மீனா, அந்தச் செய்தி எங்களுக்குத் திரும்பி வர்ற வழியிலதான் தெரிஞ்சுது. வண்டியில அதுக்கப்புறம் யாரும் பேசல. நீ கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. அம்மா இப்ப எப்படி இருக்காங்க?

---

முத்தியால்பேட்டை_மீனா | 7 அக்டோபர் 2024

நல்லா இருக்காங்க. காலையில எழுந்ததும் பக்கத்து வீட்டுல போயி ஹெலிகாப்டர் கதைய கையக் கால ஆட்டிச் சொல்லிட்டிருக்காங்க. நான்தான் படுத்துக் கெடக்கறேன்.

---

பழையநகர்_சுறா (கடலூர் ஓ.டி.) | 7 அக்டோபர் 2024

நான் டிவியில பாத்தேன். ஃபேன் கீழ, கையில வஞ்சிரம் வறுவலோட. யாரு புத்திசாலி?

---

வில்லியனூர்_ஏர்மேன் | 8 அக்டோபர் 2024

இன்று விமானப்படை தினம். 92-வது ஆண்டு. தாம்பரத்தில் அணிவகுப்பு நடக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நான் தரைப்பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் விமானப்படையின் மெக்கானிக் பயிற்சி நிலையமான எம்.டி.ஐ.யில் பயிற்சி, பிறகு பல வருஷம் கிரண் பயிற்சி விமானத்தில் வேலை. சூர்யகிரண் அணி 1996-ல் தொடங்கியபோது அவர்கள் ஓட்டியது அந்தக் கிரண் மார்க் 2-தான். 2011-ல் அந்த விமானங்கள் பயிற்சிக்குத் தேவைப்பட்டதால் அணியைக் கலைத்தார்கள். பிறகு ஹாக் ஜெட் வந்த பின்தான் மறுபடி உயிர் வந்தது. நீங்கள் ஞாயிறன்று பார்த்தது ஹாக் மார்க் 132. வடிவமைப்பு பிரிட்டன், கட்டியது பெங்களூர் எச்.ஏ.எல்.

வாட்ஸப்பில் "சூர்யகிரண் விட்ட புகை விஷம்" என்று ஒன்று சுற்றுகிறது. அது டீசல் ஐயா. எஞ்சினுக்குப் பின்னால் கொதிக்கும் காற்றில் டீசலைப் பீச்சினால் அது எரிவதற்குள் ஆவியாகிவிடும். வெளிக்காற்றில் குளிர்ந்ததும் சன்னமான துளிகளாகி வெள்ளையாகத் தொங்கும். நிறம் வேண்டுமானால் சாயம் கலப்பார்கள். சமையலறைக்குள் விட்டால் இருமல் வரும், கடற்கரைக் காற்றில் ஒன்றும் செய்யாது.

இரண்டு விமானங்கள் சேர்ந்து இதயம் வரைந்ததை எல்லோரும் படம் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிட, ஒன்பதும் ஒன்றாகத் திரும்பும் அந்தச் சாதாரணத் திருப்பம்தான் பிடிக்கும். இறக்கைக்கும் இறக்கைக்கும் ஐந்து மீட்டருக்கும் குறைவான இடைவெளி என்பார்கள். திருப்பத்தின் உள்பக்கம் இருப்பவன் வேகம் குறைக்க வேண்டும், வெளிப்பக்கம் இருப்பவன் கூட்ட வேண்டும், யாரும் தன் முன்னால் போகும் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தலைவன் ஒருவன்தான் வெளியே பார்க்கிறான். மற்ற எட்டுப் பேரும் அவனை நம்பிப் போகிறார்கள்.

மீனா அவர்களுக்கு: நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குச் சீருடை போட்டவன் என்ற முறையில் என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

---

லாஸ்பேட்டை_லென்ஸ் | 8 அக்டோபர் 2024

சார், வணக்கம். எனக்கு ஒரு சந்தேகம். சுகோய் வளைஞ்சப்ப இறக்கை மேல திடீர்னு வெள்ளையா மேகம் மாதிரி வந்து மறைஞ்சுது. அதுவும் டீசலா?

---

வில்லியனூர்_ஏர்மேன் | 8 அக்டோபர் 2024

இல்லை. அது வெறும் தண்ணீர். இறுக்கமாகத் திரும்பும்போது இறக்கையின் மேல் காற்றழுத்தம் சட்டென்று விழும், வெப்பமும் கூடவே விழும், காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சன்னமான துளிகளாகத் தெரியும். ராஜஸ்தானில் வருஷக்கணக்கில் நின்றாலும் அப்படி அடர்த்தியாகப் பார்க்க முடியாது. நம் கடற்கரையின் புழுக்கம் அன்றைக்கு அதற்காவது பயன்பட்டது.

---

லாஸ்பேட்டை_லென்ஸ் | 8 அக்டோபர் 2024

நன்றி சார்! அப்போ இங்க படம் எடுக்கறவங்களுக்கு நானும் ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000-க்கு மேல வைங்க. ஹெலிகாப்டருக்கு அதே வேகத்துல எடுத்தா விசிறி அசையாம நின்னு, கயிறு கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி வரும். 1/125 பக்கம் இறக்குங்க, கை நடுங்காம விமானத்தோடவே கேமராவ நகத்துங்க. பத்துல ஒண்ணுதான் தேறும். ஆனா அந்த ஒண்ணு போதும்.

இன்னொண்ணு, சத்தம் வர்ற பக்கம் பாக்காதீங்க. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூணு செகண்ட் ஆகும். மணிக்கு 900 கி.மீ.ல போறது அதுக்குள்ள முக்கால் கிலோமீட்டர் தாண்டியிருக்கும். என் பக்கத்துல இருந்தவங்க எல்லாம் "எங்க எங்க"ன்னு காலியான வானத்தையே பாத்துட்டிருந்தாங்க.

நான் ஞாயித்துக்கிழமை போகவே இல்ல, முன்னாடி நடந்த ஒத்திகைக்குப் போனேன். கிட்டத்தட்ட அதே விமானங்கதான். கூட்டம் கம்மி, பஜ்ஜி சூடா கெடைச்சுது. எந்த ஊர்ல ஏர் ஷோ நடந்தாலும் ஒத்திகை உண்டு, பேப்பர்ல தேதி வரும். வயசானவங்கள, குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க அன்னைக்குப் போங்க.

---

முத்தியால்பேட்டை_மீனா | 8 அக்டோபர் 2024

//ஒத்திகை உண்டு, பேப்பர்ல தேதி வரும்//

வேலை நாள்ல வருது தம்பி. எங்க ஆபீஸ்ல "விமானம் பாக்கணும்"னு லீவு கேட்டா என்னைய ஒரு மாதிரி பாப்பாங்க.

ஏர்மேன் சார், ஒரு கேள்வி. உச்சி வெயில்ல எதுக்கு வைக்கணும்? சாயங்காலம் நாலு மணிக்கு வச்சா என்ன?

---

வில்லியனூர்_ஏர்மேன் | 9 அக்டோபர் 2024

அக்டோபர் மாதம் நம் பக்கம் மதியத்துக்கு மேல் மேகம் திரளும், இடி மழை வரலாம். தாழ்ந்த மேகம் இருந்தால் செங்குத்தாக ஏறும் வித்தைகள் எதுவும் செய்ய முடியாது. அதனால் முற்பகலைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான யோசனைதான்.

---

முத்தியால்பேட்டை_மீனா | 9 அக்டோபர் 2024

அப்போ காலைல எட்டு மணி?

---

வில்லியனூர்_ஏர்மேன் | 9 அக்டோபர் 2024

எட்டு மணிக்கு வைத்திருந்தால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன் அம்மா. கிழக்கே கடலைப் பார்த்து உட்காருகிறவர்களுக்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், அது ஒன்றுதான். கண் கூசுவது மயங்கி விழுவதைவிடப் பரவாயில்லை.

---

வட்டம்21 (நெய்வேலி) | 9 அக்டோபர் 2024

எல்லாரும் மேலயே பாத்துக்கிட்டிருக்கீங்க, கெடிலக்கரை அண்ணன் எழுதின திருவக்கரைய யாரும் கண்டுக்கல. எனக்கு அதுதான் முக்கியம்!

அந்த மரங்களுக்கு வயசு சுமாரா 2 கோடி வருஷம். அதைச் சுத்தியிருக்கிற பாறைக்குப் புவியியல் புத்தகங்கள்ல பேரே கடலூர் மணற்கல். நம்ம ஊர் பேரு. எங்க நெய்வேலியில நிலக்கரி எடுக்கறதுக்கு முன்னாடி மேல இருந்து வெட்டித் தள்றதும் இந்த மணற்கல்தான். மரம் அங்கயே முளைச்சதான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்றாங்க. வேரும் கிடையாது, கிளையும் கிடையாது, பட்டை உரிஞ்சு போச்சு. ஏதோ ஒரு காலத்துல வெள்ளம் அடிச்சிட்டு வந்து மணல்ல புதைச்சிருக்கு. அப்புறம் தண்ணியில கரைஞ்ச சிலிக்கா ஒவ்வொரு செல்லா உள்ள பூந்து கல்லாக்கிடுச்சி. உத்துப் பாத்தீங்கன்னா வளையம் வளையமா தெரியும்.

பையன் என்ன சொன்னான் அண்ணே?

---

கெடிலக்கரை | 9 அக்டோபர் 2024

தட்டிப் பாத்தான். "கல்லு"ன்னான். தடவிப் பாத்தான். "மரம்"னான். அப்புறம் சென்னை வரைக்கும் ஒரே கேள்வி, எவ்வளவு நாளைக்குள்ள கல்லாகும், ஆளு புதைஞ்சா ஆகுமான்னு. வீட்டம்மா மொறைச்சதும்தான் நிறுத்தினான்.

உண்மையச் சொன்னா அன்னைக்கு அங்க எங்களத் தவிர ஒரு குடும்பம்தான் இருந்துச்சி. காவலாளி ஒருத்தர் கூடவே வந்து எது பெருசு, எது அழகுன்னு காட்டினாரு. மறுநாள் மெரினாவுல நின்னப்ப ரெண்டையும் நெனச்சுப் பாத்தேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசியச் சின்னமா அறிவிச்ச இடம் அது. வெளியில நிழலுக்கு நல்ல மரம் இருக்கு, ஆனா சாப்பாட்டுக்குக் கட்டிட்டுப் போயிடுங்க. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்களுக்கு.

---

பழையநகர்_சுறா | 10 அக்டோபர் 2024

நான் ஒரு யோசனை சொல்றேன். எல்லாரும் ஏன் சென்னைக்கு ஓடணும்? தேவனாம்பட்டினத்துல வைக்கச் சொல்லுவோம். கடல் இருக்கு, மணல் இருக்கு, வெள்ளிக் கடற்கரைன்னு பேரும் இருக்கு.

---

வில்லியனூர்_ஏர்மேன் | 10 அக்டோபர் 2024

வைக்கலாம் தம்பி. ஆனால் மீன் இறக்கும் இடத்துக்கு அருகில் வைப்பதற்கு முன் பருந்துகளிடம் கேட்க வேண்டும். மீன் கழிவு இருக்கும் இடத்தில் பருந்து வட்டமிடும். ஒரு பருந்து எஞ்சினுக்குள் போனால் கோடிக்கணக்கில் நஷ்டம், உயிரும் போகலாம். பெங்களூர் யெலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் கிலோமீட்டர் கணக்கில் இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வது இதற்குத்தான்.

---

பழையநகர்_சுறா | 10 அக்டோபர் 2024

கடலூர்ல மீன் கடைய மூடறதா? யோசனைய வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஆனா ஒண்ணு, வானத்துலேர்ந்து விழற சமாச்சாரத்துல எங்க ஊருக்கு அனுபவம் ஜாஸ்தி. 1690-ல வெள்ளைக்காரன் மராத்தாகாரங்ககிட்ட தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கினப்ப, பீரங்கி சுட்டு குண்டு எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும் இருக்கற ஊரெல்லாம் அவனுக்குன்னு பேச்சு. குண்டு கிராமம்னு பேரு. எங்க தாத்தா இதச் சொல்லி, "பத்திரம் எழுதாம பட்டாசு வெடிச்சு நெலம் வாங்கினவன்டா அவன்"னு சிரிப்பாரு.

---

கெடிலக்கரை | 10 அக்டோபர் 2024

அந்தக் கோட்டையத்தான் 1758-ல பிரெஞ்சுக்காரங்க வந்து இடிச்சாங்க. அதாவது மீனா ஊர்க்காரங்க. இப்ப போனா ஆத்தோரம் மிச்சம் மீதிதான். சாயங்காலம் பீச்சுக்குப் போறவங்க அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.

---

முத்தியால்பேட்டை_மீனா | 10 அக்டோபர் 2024

எங்க ஊரையும் அப்புறம் இங்கிலீஷ்காரங்க வந்து தரைமட்டமாக்கினாங்களே, அதையும் சொல்லுங்க. கணக்கு நேராயிடுச்சி.

---

லாஸ்பேட்டை_லென்ஸ் | 22 டிசம்பர் 2024

இழைய மறுபடி மேல கொண்டாறேன். எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஃபெஞ்சல் புயலுக்கப்புறம் இங்க யாரும் எழுதவே இல்ல. பாண்டியில ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சி, எங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி.

நல்ல சேதி ஒண்ணு. லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல 20-ஆம் தேதியிலேர்ந்து இண்டிகோ ஓட ஆரம்பிச்சிருக்கு, பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும். ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர்தான், அதனால ஜெட் வராது, விசிறி வச்ச சின்ன விமானம் ஏ.டி.ஆர். வருது. எங்க தெருப் பசங்க மொட்டை மாடியில நின்னு கையாட்டறாங்க. எங்களுக்குத் தெனம் ஏர் ஷோ.

---

கெடிலக்கரை | 23 டிசம்பர் 2024

தென்பெண்ணை உடைச்சிக்கிட்டு வந்ததுல எங்க சித்தப்பா வீட்டு நெல்லு மூட்டை மொத்தமும் போச்சு. நாங்க இருக்கற தெரு தப்பிச்சது. இப்பத்தான் எல்லாம் காயுது. விமானம் வந்தது நல்லதுதான், ஆனா பையன்கிட்ட சொல்லாதப்பா, சனிக்கிழமை ஆனா உங்க வீட்டு மாடிக்கு வந்துடுவான்.

---

லாஸ்பேட்டை_லென்ஸ் | 23 டிசம்பர் 2024

வரட்டும் அண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கடற்கரைச் சாலையில வண்டிய நிறுத்திடுவாங்க, அப்படியே நடக்க விடுவோம். மறுநாள் காந்தி வீதி ஞாயித்துச் சந்தை. நான் அங்கதான் பழைய லென்ஸ் மூடி, ஃபில்டர் எல்லாம் தேடிப் பிடிக்கறது.

---

வட்டம்21 | 3 பிப்ரவரி 2025

ஏரோ இந்தியா 10-லேர்ந்து 14 வரைக்கும் யெலஹங்காவுல. பொதுமக்களுக்குக் கடைசி ரெண்டு நாள், 13, 14. ரஷ்யாவோட சுகோய்-57-ம் அமெரிக்காவோட எஃப்-35-ம் ஒரே இடத்துல வருதாம். யாராவது போறீங்களா? கார்ல ரெண்டு இடம் இருக்கு.

---

வில்லியனூர்_ஏர்மேன் | 3 பிப்ரவரி 2025

அந்த இரண்டும் ஒரே ஓடுபாதையில் நிற்கும் என்று நான் பணியில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். போங்கள். ஆனால் கடற்கரை மாதிரி நினைத்துப் போகாதீர்கள், அது விமானத் தளம். டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும், அடையாள அட்டை வேண்டும். அங்கே நிழலில்லாத தார் தரை. தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு. இந்த முறை இறைச்சிக் கடைத் தடை சுற்றிலும் 13 கிலோமீட்டர் தூரத்துக்கு, சுறா தம்பி கவனிக்க.

---

பழையநகர்_சுறா | 3 பிப்ரவரி 2025

பதிமூணு கிலோமீட்டரா! அப்போ நான் பதினாலாவது கிலோமீட்டர்ல ஒரு பிரியாணிக் கடையில உக்காந்து பாக்கறேன்.

---

கெடிலக்கரை | 4 பிப்ரவரி 2025

பையனுக்கு அந்த வாரம் ஸ்கூல்ல டெஸ்ட். அவன்கிட்ட எஃப்-35 பேச்சே எடுக்கல, நீங்களும் எடுக்காதீங்க.

நாங்க அதுக்கு அடுத்த ஞாயிறு பிச்சாவரம் போறோம். காலையில முதல் படகு பிடிக்கணும், வெயில் ஏறினா சுரபுன்னைக் காட்டுக்குள்ள காத்தே இருக்காது. போற வழியில பரங்கிப்பேட்டை, திரும்பறப்ப சிதம்பரத்துல சாப்பாடு. வண்டியில இடம் இருக்கு. மீனா, அம்மாவக் கூட்டிட்டு வர்றியா? மோட்டார் படகு எடுத்துக்கலாம், துடுப்புப் படகு அவங்களுக்கு நேரம் ஆகும்.

---

முத்தியால்பேட்டை_மீனா | 4 பிப்ரவரி 2025

அம்மா இப்பவே புடவை எடுத்து வச்சிட்டாங்க. ஆனா துடுப்புப் படகுதான் வேணுமாம், மோட்டார் போற சின்னக் கால்வாய்க்குள்ள எல்லாம் போகாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. கடலூர்ல எங்க வந்து நிக்கட்டும், பஸ் ஸ்டாண்டா, மஞ்சக்குப்பம் மைதானமா?

---

கெடிலக்கரை | 4 பிப்ரவரி 2025

மைதானம். ஆறு மணிக்கு. இட்லி நாங்க கொண்டாறோம், நீ சட்னி மட்டும்.